ஓகே கொடுத்தது எதற்கு, மாறிப்போனது எது?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். லேப்டாப் வாங்கி எட்டு மாதம் ஆகிறது. கம்பெனி அதோடு போட்டுக் கொடுத்த அப்டேட் கருவி ஒரு நாள் ராத்திரி "மூன்று அப்டேட் இருக்கிறது" என்று காட்ட, ஓகே தட்டிவிட்டுப் படுக்கப் போயிருக்கிறீர்கள். அதே ராத்திரி விண்டோஸும் தன் பங்குக்கு ஒரு பெரிய அப்டேட்டைப் போட்டு ரீஸ்டார்ட் ஆகியிருக்கிறது. காலையில் பார்த்தால் பி.டி.எஃப் எல்லாம் பிரவுசரில் திறக்கிறது. பிரிண்ட் கொடுத்தால் வேறு பிரிண்டருக்குப் போகிறது. மூடி வைத்தாலும் ஓடும்படி நீங்கள் அமைத்திருந்த லேப்டாப் மூடியதும் தூங்கிவிடுகிறது. "நான் எதற்கும் சம்மதம் தரவில்லை. யாராவது ஹேக் செய்துவிட்டார்களா, கம்பெனியே செய்ததா, பேசாமல் எல்லா அப்டேட்டையும் நிறுத்திவிடட்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கேள்வி மூன்றாக இருந்தாலும் உங்களை உறுத்துவது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். என் மிஷினில் என்னைக் கேட்காமல் கை வைக்க இவர்களுக்கு யார் உரிமை கொடுத்தது? பதில் கொஞ்சம் கசக்கும். அந்த உரிமை ஏற்கெனவே கொடுக்கப்பட்டுவிட்டது. அதுவும் நீங்கள் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே. நான் இருபது வருடத்துக்கு மேலாகப் பள்ளிக்கூடம், டி.டி.பி. சென்டர், ஆவண எழுத்தர் அலுவலகம், சின்ன ஆஸ்பத்திரி என்று ஊரில் கம்ப்யூட்டர் பராமரிப்பு பார்ப்பவன். அப்டேட் கருவியை எழுதியவன் அல்ல, அது செய்துவிட்டுப் போனதைத் துடைத்துச் சுத்தம் செய்பவன். அந்த இடத்தில் நின்றுதான் பேசுகிறேன்.

முதலில் ஹேக் பயத்தை இறக்கி வையுங்கள். உங்கள் கணினிக்குள் வந்த திருடன் பி.டி.எஃப் எதில் திறக்கவேண்டும் என்று மாற்றி வைத்துவிட்டுப் போகமாட்டான். அவனுக்கு வேண்டியது பாஸ்வேர்டு, பேங்க் லாகின், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்பது. தான் வந்ததே தெரியக்கூடாது என்பதில்தான் அவன் கவனம் இருக்கும். அப்டேட் போட்ட மறுநாள் காலை, வரிசையாக மூன்று செட்டிங் கம்பெனி வைத்த நிலைக்குத் திரும்பியிருந்தால், அது அப்டேட்டின் வேலைதான் என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். எந்த அப்டேட் எதை மாற்றியது என்பதைத்தான் இங்கே உட்கார்ந்துகொண்டு சொல்ல முடியாது. அதைக் கண்டுபிடிக்கும் வழியைக் கடைசியில் சொல்கிறேன்.

இது எப்படிச் சாத்தியமாகிறது என்று பார்ப்போம். ஒரு புரோகிராமை நீங்களே இன்ஸ்டால் செய்யும்போது திரை மங்கி, "இந்த ஆப் உங்கள் சாதனத்தில் மாற்றங்கள் செய்ய அனுமதிக்கிறீர்களா?" என்று கேட்குமே, அந்தக் கேள்வி ஒரே ஒருமுறைதான். அதில் எஸ் கொடுத்ததும் அப்டேட் கருவி தனக்கென ஒரு சர்வீஸை (பின்னணியில் ஓடும் புரோகிராமை) உட்கார்த்தி வைத்துக்கொள்கிறது, அல்லது குறித்த நேரத்தில் வேலைகளை ஓடவிடும் டாஸ்க் ஷெட்யூலரில் ஒரு வேலையைப் பதிந்துவிடுகிறது. இரண்டுமே பெரும்பாலும் சிஸ்டம் என்ற கணக்கின் பெயரில் ஓடும். அந்தக் கணக்குக்கு உங்கள் அட்மின் கணக்கைவிட அதிகாரம் அதிகம். அதற்கப்புறம் அது விண்டோஸின் செட்டிங் பதிவேடான ரிஜிஸ்ட்ரியில் எழுதலாம், பிரிண்டர், டச்பேட் போன்றவற்றை இயக்கும் மென்பொருளான டிரைவரை மாற்றலாம், வேறொரு சர்வீஸை நிறுத்தலாம். திரை மங்காது, கேள்வி வராது. கம்பெனியே போட்டு அனுப்பிய கருவி என்றால் அந்த ஒருமுறைக் கேள்விகூட உங்களுக்கு வந்திருக்காது, தொழிற்சாலையிலேயே எஸ் ஆகிவிட்டது. மோட்டார் ரிப்பேருக்கு வந்தவரிடம் மோட்டார் ரூம் சாவியை மட்டும் கொடுக்க வழியில்லாமல், கொத்தோடு கொடுத்துவிட்ட கதை. நல்லவராக இருந்தாலும் சமையலறை வழியாகத்தான் போய் வருவார்.

அந்தக் கொத்தை வைத்து நடப்பதெல்லாம் ஒரே ரகம் இல்லை. மறதியில் நடப்பது ஒன்று, தெரிந்தே செய்வது இன்னொன்று. உங்களுக்கு நடந்தது பெரும்பாலும் மறதி ரகம்.

விண்டோஸின் மாதாந்திரப் பாதுகாப்பு அப்டேட் வேறு, வருடாந்திர ஃபீச்சர் அப்டேட் வேறு. இரண்டாவது, பல சமயம், பெயருக்குத்தான் அப்டேட். உண்மையில் பழைய விண்டோஸை "விண்டோஸ்.ஓல்ட்" என்ற ஃபோல்டருக்குள் ஒதுக்கி வைத்துவிட்டுப் புது விண்டோஸை அதன் இடத்தில் நிறுத்துகிறது. அப்புறம் உங்கள் கோப்புகள், புரோகிராம்கள், செட்டிங்குகள் எல்லாம் பழைய வீட்டிலிருந்து புது வீட்டுக்குச் சாமான் ஏற்றுவதுபோல் மாற்றப்படுகின்றன. எதை ஏற்றவேண்டும் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. பட்டியலில் விட்டுப்போனது புது வீட்டில் கம்பெனி வைத்த இடத்திலேயே இருக்கும். அதாவது உங்கள் செட்டிங்கை யாரும் "மாற்றவில்லை", கொண்டுவர மறந்துவிட்டார்கள். உங்களுக்கு இரண்டும் ஒன்றுதான் என்பது தெரியும். ஆனால் திருத்தப் போகும்போது இந்த வித்தியாசம் உதவும்.

இது என் ஊகம் அல்ல. 2015 நவம்பரில் விண்டோஸ் 10-க்கு முதல் பெரிய அப்டேட் வந்தது, 1511 என்று பெயர். வெளியான கொஞ்ச நாளிலேயே மைக்ரோசாஃப்ட் அதன் டவுன்லோடு கருவியிலிருந்து அதை எடுத்துவிட்டது. விளம்பர அடையாள எண், பின்னணியில் ஓடும் ஆப்கள், ஆபத்தான தளங்களைத் தடுக்கும் ஸ்மார்ட்ஸ்கிரீன் வடிகட்டி, சாதனங்களோடு ஒத்திசைவு ஆகிய நான்கு செட்டிங்குகளும் அப்டேட்டின்போது தவறுதலாகத் தக்கவைக்கப்படாமல் போயிருக்கலாம் என்று அவர்களே ஒப்புக்கொண்டு, திருத்தம் போட்டு மறுபடி வெளியிட்டார்கள். விளம்பரத்துக்காகத் தன்னைப் பின்தொடரவேண்டாம் என்று ஒருவர் மெனக்கெட்டு அணைத்து வைத்ததை, அப்டேட் சத்தமில்லாமல் திரும்பப் போட்டுவிட்டது. மறதிதான், நம்புகிறேன். ஆனால் இந்த மறதிகளில் கம்பெனிக்கு நஷ்டம் வரும் பக்கமாக ஒன்றுகூட விழுந்து நான் பார்த்ததில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மறதியின் உச்சம் 2018 அக்டோபரில் வந்த 1809. டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரை வேறு டிரைவுக்குத் திருப்பி வைத்திருந்த சிலருக்குப் பழைய இடத்திலும் கோப்புகள் தங்கியிருந்தன. அப்டேட் அந்தப் பழைய ஃபோல்டரை வெறும் காலி நகல் என்று எடுத்துக்கொண்டு அழித்துவிட்டது. அக்டோபர் 2 வெளியீடு, 6-ஆம் தேதி நிறுத்தம், நவம்பர் 13-இல் மறு வெளியீடு. அதிலிருந்து, ஃபீச்சர் அப்டேட் வருகிறது என்றால் முந்தின நாள் வெளி ஹார்ட்டிஸ்கில் நகல் எடுக்காமல் நான் யார் மிஷினையும் தொடுவதில்லை.

இப்போது உங்கள் பிரிண்டர். அதே 1511-இல்தான் "என் டீஃபால்ட் பிரிண்டரை விண்டோஸே நிர்வகிக்கட்டும்" என்ற வசதி வந்தது. அது ஆனில் இருந்தால் கடைசியாக எந்தப் பிரிண்டரில் பிரிண்ட் எடுத்தீர்களோ அதுவே டீஃபால்ட் ஆகிவிடும். ஒருமுறை பி.டி.எஃப்-ஆகச் சேமித்தால் போதும், அடுத்த பிரிண்டும் காகிதத்துக்குப் போகாமல் பி.டி.எஃப்-ஆகவே நிற்கும். செட்டிங்ஸில் பிரிண்டர் பக்கத்தில் போய் அதை அணைத்துவிட்டு உங்கள் பிரிண்டரை டீஃபால்ட் ஆக்கிவிடுங்கள்.

பி.டி.எஃப் கதை கொஞ்சம் சுவாரசியமானது. விண்டோஸ் 8-லிருந்து, எந்தக் கோப்பு எதில் திறக்கவேண்டும் என்ற உங்கள் தேர்வை விண்டோஸ் ஒரு முத்திரையோடு ரிஜிஸ்ட்ரியில் வைக்கிறது. வேறு புரோகிராம் உள்ளே புகுந்து அந்தத் தேர்வை மாற்றினால் முத்திரை பொருந்தாது. உடனே விண்டோஸ் "ஒரு ஆப் டீஃபால்ட் ரீசெட் செய்யப்பட்டது" என்று அறிவித்துவிட்டு, தன்னுடைய டீஃபால்ட்டுக்கே போய்விடும். பி.டி.எஃப்-க்கு அந்த டீஃபால்ட் எது? எட்ஜ் பிரவுசர்! ஆகவே உங்கள் விஷயத்தில் எட்ஜ் தானாக வந்து குந்தியிருக்கலாம், அல்லது பி.டி.எஃப் ரீடரின் அப்டேட் கருவி எக்குத்தப்பாகக் கை வைத்து விண்டோஸ் ரீசெட் செய்திருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். உங்களைக் காக்கப் போட்ட பூட்டு, உடைக்க முயன்றால் வீட்டைக் காவல்காரர் பெயருக்கு எழுதிவைக்கிறது. விண்டோஸ் 10 வந்த மறுநாளே, 2015 ஜூலை 30 அன்று, ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரை உருவாக்கும் மொசில்லாவின் தலைவராக இருந்த கிறிஸ் பேர்டு இதைப் பற்றித்தான் மைக்ரோசாஃப்ட் தலைவர் சத்யா நாதெள்ளாவுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். பயனர் ஏற்கெனவே செய்து வைத்த தேர்வை அப்கிரேடு தூக்கியெறிகிறது என்பது அவர் புகார்.

மூடியதும் தூங்குவது பெரும்பாலும் லேப்டாப் கம்பெனியின் பவர் கருவி. அது தன் புதுப் பதிப்போடு ஒரு புதுப் பவர் பிளானையும் கொண்டுவந்து அமர்த்தும். நீங்கள் பழைய பிளானில் செய்த மாற்றம் அங்கேயே பத்திரமாக இருக்கும், ஆனால் அந்தப் பிளான் இப்போது ஆட்சியில் இருக்காது. கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸில் போய்ப் பாருங்கள், பழைய பிளான் பட்டியலில் இருந்தால் அதையே மறுபடி தேர்ந்தெடுத்தால் போதும்.

சின்ன விஷயத்துக்கு இவ்வளவு பேச்சா என்று தோன்றலாம். நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் ஊரில் ஓர் ஆவண எழுத்தர். பத்திரத்தாளில் மேலே அச்சடித்த முத்திரைப் பகுதியைத் தாண்டித்தான் வாசகம் தொடங்கவேண்டும் என்பதால், பிரிண்டர் டிரைவரில் தாளின் நீளம், மேலே விடவேண்டிய இடம் எல்லாம் அளந்து "பத்திரம்" என்ற பெயரிலேயே ஒரு அமைப்பைச் சேமித்துக் கொடுத்திருந்தேன். நாலு வருடம் ஓடியது. ஒரு முகூர்த்த நாள் காலை, சார்பதிவாளர் அலுவலகத்தில் டோக்கன் போட்டுவிட்டு ஆட்கள் வாசலில் நிற்கிறார்கள். அவர் வழக்கம்போல பிரிண்ட் கொடுக்க, "இந்த நாள்" என்று தொடங்கும் முதல் வரி முத்திரையின் மேலேயே போய் விழுந்தது. இன்னொரு தாள் வைத்தார், அதுவும் போச்சு. போன் வந்து நான் போய்ப் பார்த்தபோது டிரைவரில் "பத்திரம்" என்ற அமைப்பே இல்லை. தாள் அளவு லெட்டர் என்று இருந்தது. நம் ஊரில் யாரும் வாங்காத, அமெரிக்க அளவு. முந்தின நாள் மாலை பிரிண்டர் கம்பெனியின் அப்டேட் கருவி பழைய டிரைவரைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதைப் போட்டிருந்தது. அதன் விவரத்தில் எழுதியிருந்தது "செயல்திறன் மேம்பாடு" என்ற ஒரே வரி. அவரிடம் கேட்டேன், ஓகே கொடுத்தீர்களா என்று. "கொடுத்தேன் தம்பி, இங்க் கம்மியா இருக்குன்னு சொல்லுதுன்னு நினைச்சேன்" என்றார். அந்தச் சம்மதத்தை எந்தக் கணக்கில் வைப்பது?

இனி தெரிந்தே செய்வது. இதில் எனக்குப் பாடமாக இருப்பது 2015 ஜூனில் வெளிவந்த சாம்சங் விவகாரம். சாம்சங் லேப்டாப்களோடு எஸ்.டபிள்யூ. அப்டேட் என்று ஒரு கருவி வந்தது, உங்களிடம் இருப்பது போலத்தான். ஒருவருடைய கணினியில் விண்டோஸ் அப்டேட் திரும்பத் திரும்ப அணைந்துபோனது. ஆன் செய்து வைப்பார், ரீஸ்டார்ட் செய்தால் மறுபடி அணைந்திருக்கும். அவருக்கு உதவப்போன ஒரு வல்லுநர் யார் இதைச் செய்வது என்று தடம் பிடித்துக்கொண்டே போனார். கடைசியில் எஸ்.டபிள்யூ. அப்டேட் தானாக இறக்கி ஓடவிட்ட ஒரு கோப்பில் போய் நின்றது. அந்தக் கோப்பின் பெயரே "டிசேபிள் விண்டோஸ்அப்டேட்". ஒளிவு மறைவு எதுவும் இல்லை, சாம்சங்கின் டிஜிட்டல் கையொப்பமும் அதில் இருந்தது. ஒரு அப்டேட் கருவி இன்னொரு அப்டேட் கருவியைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருக்கிறது. இடையில் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் திருத்தம் எதுவும் அந்தக் கணினிக்கு வரவில்லை, உரிமையாளருக்கு அது தெரியவும் இல்லை.

ஏன் செய்தார்கள் என்று கேட்டபோது சாம்சங்கின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவிலிருந்து வந்த பதில், விண்டோஸ் அப்டேட் பொதுவான டிரைவர்களைக் கொண்டுவந்து போட்டுவிடுகிறது, அதனால் யு.எஸ்.பி. 3.0 போன்றவை வேலை செய்யாமல் போகலாம் என்பது. பராமரிப்புக்காரனாக எனக்கு அந்தக் கவலை புரிகிறது. நல்ல டிரைவர்மேல் ஒரு பொது டிரைவர் வந்து உட்கார்ந்து டச்பேட் செத்துப்போன லேப்டாப்களை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அதற்கு டிரைவர் அப்டேட்டை மட்டும் தடுக்கலாம், அல்லது உரிமையாளரிடம் ஒரு வரி கேட்கலாம். மொத்தக் கதவையும் சாத்திவிட்டுச் சொல்லாமல் போவது எந்தக் கணக்கிலும் நியாயம் இல்லை. சாம்சங் முதலில் நாங்கள் அப்டேட்டைத் தடுக்கவில்லை, எப்போது அப்டேட் செய்வது என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பைத்தான் தருகிறோம் என்றது. இரண்டொரு நாளில் குரல் மாறியது. விண்டோஸ் அப்டேட்டைப் பழைய தானியங்கி நிலைக்கே திருப்பும் திருத்தம் ஒன்றைச் சில நாட்களில் அனுப்புகிறோம் என்று அறிவித்தார்கள். எதன் வழியாக? அதே எஸ்.டபிள்யூ. அப்டேட் வழியாக.

சம்மதத்தை ரப்பர்போல இழுப்பது இன்னொரு வித்தை. 2008 மார்ச்சில் ஆப்பிள், விண்டோஸ் கணினிகளில் ஐட்யூன்ஸுக்கும் குயிக்டைமுக்கும் இருந்த அப்டேட் கருவியில் சஃபாரி 3.1-ஐ டிக் அடித்த நிலையிலேயே வைத்து அனுப்பியது. சஃபாரியே இல்லாத கணினிக்குச் சஃபாரி "அப்டேட்"! அப்போது மொசில்லாவை நடத்திய ஜான் லில்லி எழுதியது எனக்கு இன்றும் சரியாகப் படுகிறது. அப்டேட் என்ற பெயரில் வருவதை மக்கள் யோசிக்காமல் ஏற்கிறார்கள், அந்த நம்பிக்கைதான் இணையத்தின் பாதுகாப்பையே தாங்குகிறது, அதை வியாபாரத்துக்குப் பயன்படுத்தினால் நம்பிக்கை தேய்ந்துவிடும் என்பது அவர் வாதத்தின் சாரம். ஆப்பிள் அடுத்த மாதமே புது மென்பொருளைத் தனிப் பகுதியாகப் பிரித்துக் காட்டியது, டிக்கை மட்டும் எடுக்கவில்லை. மறு வருடம் மைக்ரோசாஃப்ட், பல புரோகிராம்கள் ஓடத் தேவைப்படும் தன் டாட்நெட் மென்பொருளின் அப்டேட் ஒன்றின் மூலம் ஃபயர்ஃபாக்ஸுக்குள் தன் நீட்சியை (எக்ஸ்டென்ஷனை) சொருகியது. அதை நீக்கும் பொத்தான் வேலை செய்யாமல் மங்கிக் கிடந்தது. ஜாவா அப்டேட்டோடு ஆஸ்க் டூல்பார் வந்து ஒட்டிக்கொண்ட காலமெல்லாம் உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். பிரவுசிங் சென்டர் வைத்திருந்த ஒவ்வொருவரும் அதை உரித்து எடுத்தே விரல் தேய்ந்தார்கள்.

இந்த வித்தையின் சிகரம் 2016 மே. விண்டோஸ் 10-க்கு இலவசமாக மாறுங்கள் என்ற அறிவிப்புப் பெட்டியை மூலையிலிருந்த எக்ஸ் குறியை அழுத்தி மூடினால், வேண்டாம் என்று பொருள் இல்லை. குறித்த தேதியில் அப்கிரேடு நடக்கலாம் என்று சம்மதித்ததாகப் பொருள். இருபது வருடமாக எக்ஸ் என்றால் மூடு என்று மக்களுக்குக் கற்றுக்கொடுத்த கம்பெனியே அதன் பொருளை ஒரே இரவில் புரட்டிப் போட்டது. மைக்ரோசாஃப்டின் சந்தைப்படுத்தல் தலைவர் கிறிஸ் கபோசெலா அந்த வருடக் கடைசியில் தாங்கள் எல்லை மீறிவிட்டதாக ஒப்புக்கொண்டார். கேட்காமல் நடந்த அப்கிரேடால் தன் தொழில் கணினி முடங்கியது என்று கலிஃபோர்னியாவில் பயண ஏஜென்சி நடத்திய ஒரு பெண் வழக்குப் போட்டு 10,000 டாலர் வாங்கினார்.

சட்டம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் இரண்டு வரி. நம் நாட்டின் 2000-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு, உரிமையாளரின் அனுமதி இல்லாமல் கணினிக்குள் நுழைவது, அதன் இயக்கத்தைக் குலைப்பது போன்றவற்றுக்கு இழப்பீடு கேட்க வழி செய்கிறது. ஆனால் நாம் படிக்காமல் ஏற்ற உரிம ஒப்பந்தத்தில் "அனுமதி" ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும். நான் வக்கீல் இல்லை. பெரிய நஷ்டம் என்றால் வக்கீலைத்தான் பார்க்கவேண்டும்.

சரி, அப்படியானால் எல்லா அப்டேட்டையும் நிறுத்திவிடலாமா? கூடாது, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2017 மே 12 அன்று வானாக்ரை என்ற, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் நச்சு நிரல் உலகம் முழுக்கக் கணினிகளைப் பூட்டியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ஆம் தேதியே கொடுத்துவிட்டது. இடையில் இரண்டு மாதம். இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகள் பல அன்று நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. எனக்குத் தெரிந்த ஒரு அலுவலகத்தில் "அப்டேட் வந்தால் செட்டிங் மாறுது" என்று எரிச்சலில் எல்லாவற்றையும் அணைத்து வைத்திருந்தார்கள். மூன்று வருடம் நிம்மதியாக இருந்தார்கள், அப்புறம் கணக்குக் கோப்புகள் முழுக்கப் பூட்டப்பட்டுக் கிடந்தன. கேட்காமல் செட்டிங் மாற்றும் கம்பெனிகளின் மேல் எனக்கு இருக்கும் பெரிய கோபமே இதுதான். ஒரு பிரிண்டர் அமைப்பு போனது போகட்டும், மக்களை அப்டேட்டுக்கே எதிரியாக ஆக்கிவிடுகிறார்கள்.

ஆகவே விண்டோஸ் அப்டேட்டை விட்டுவையுங்கள். குறைக்கவேண்டியது சாவி வைத்திருப்பவர்களின் எண்ணிக்கையை. லேப்டாப் கம்பெனியின் கருவி, பிரிண்டர் கம்பெனியின் கருவி, பி.டி.எஃப் ரீடரின் கருவி, ஆடியோ கருவி என்று சாதாரணமாக ஒரு கணினியில் ஐந்தாறு பேர் சிஸ்டம் அதிகாரத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள். இது செட்டிங் சங்கடம் மட்டும் அல்ல. 2016-இல் டூயோ செக்யூரிட்டி என்ற நிறுவனம் ஏசர், ஏசஸ், டெல், எச்.பி., லெனோவோ ஆகிய ஐந்து கம்பெனிகளின் அப்டேட் கருவிகளைச் சோதித்தது. கணினிக்கும் கம்பெனி சர்வருக்கும் நடுவழியில் உட்கார்ந்திருக்கும் ஒருவன் முழு அதிகாரத்தோடு தன் நிரலை ஓட்டக்கூடிய ஓட்டை ஐந்திலுமே இருந்தது. 2018-இல் ஏசஸின் லைவ் அப்டேட் சர்வருக்குள்ளேயே ஆட்கள் புகுந்து, ஏசஸின் உண்மையான கையொப்பத்தோடு நச்சு நிரலை அப்டேட்டாக அனுப்பினார்கள். பாதுகாப்பு மென்பொருள் நிறுவனமான காஸ்பர்ஸ்கை அதை 2019 மார்ச்சில் வெளிப்படுத்தியது. குறி வைக்கப்பட்டவை சுமார் 600 கணினிகள்தான், ஆனால் இறக்கிக்கொண்டவர்கள் அதைவிடப் பல மடங்கு. மேலே ஹேக் பயத்தை இறக்கி வையுங்கள் என்றேன், இன்னும் அதையேதான் சொல்கிறேன். ஆனால் அப்டேட் கருவி வழியாக ஹேக்கே நடக்காது என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

லேப்டாப் கம்பெனியின் கருவியை அன்இன்ஸ்டால் செய்வதில் பெரும்பாலும் தப்பில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவர்கள் தளத்துக்குப் போய் பயாஸ் (ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருள்) அப்டேட்டும் முக்கிய டிரைவரும் இருக்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொண்டால் போதும். மற்றபடி டிரைவர்களை விண்டோஸ் அப்டேட்டே பார்த்துக்கொள்ளும். நீக்கியும் ரீஸ்டார்ட்டில் திரும்ப வந்து நின்றால் பயப்படாமல் பயாஸைப் பாருங்கள். விண்டோஸ் 8-லிருந்து, மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரிலிருந்தே ஒரு புரோகிராமை விண்டோஸுக்குள் இறக்கிவிட வழி இருக்கிறது. ஃபார்மட் செய்தாலும் அது திரும்பி வரும். லெனோவோ 2015-இல் இதில் மாட்டிக்கொண்டு பின்வாங்கியது. 2023 மே மாதம் கிகாபைட்டின் 271 மதர்போர்டு மாடல்களில் இப்படி ஒரு அப்டேட் கருவி இறங்குவதையும், அது பாதுகாப்பில்லாத இணைப்பு வழியாகக்கூடக் கோப்பை எடுப்பதையும் எக்ளிப்சியம் நிறுவனம் காட்டியது. பல போர்டுகளில் பயாஸுக்குள்ளேயே இதை அணைக்க ஒரு வரி இருக்கும், "டவுன்லோடு அண்ட் இன்ஸ்டால்" என்ற மாதிரிப் பெயரில்.

அப்புறம், ஸ்டார்ட் மெனுவில் "டிவைஸ் இன்ஸ்டலேஷன் செட்டிங்ஸ்" என்று தேடித் திறந்து, உற்பத்தியாளர்களின் ஆப்களைத் தானாக இறக்கட்டுமா என்ற கேள்விக்கு நோ கொடுங்கள். இல்லாவிட்டால் பிரிண்டரைச் சொருகியதும் அதன் கருவியும் பின்னாலேயே வந்துவிடும். ஃபீச்சர் அப்டேட் அறிவிப்பு வந்தால் ஒரு வாரம் நிறுத்தி (Pause) வைத்துவிட்டு, ஓய்வான நாளில் நீங்களே ஓட்டுங்கள். ஹோம் பதிப்பிலும் ஐந்து வாரம்வரை தள்ளிப்போடலாம். ஓட்டுவதற்கு முன் பிரிண்டர், பவர், டீஃபால்ட் ஆப் பக்கங்களைப் போனில் போட்டோ எடுத்து வையுங்கள். கேலியாகத் தோன்றும், ஆனால் அந்த ஆவண எழுத்தர் டிரைவர் பக்கத்தை பிரிண்ட் எடுத்து மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறார்; அதற்கப்புறம் இரண்டு முறை நான் போகாமலேயே அவரே சரிசெய்துவிட்டார். கொஞ்சம் கைப்பழக்கம் உள்ளவர் என்றால் மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் ஆட்டோரன்ஸ் என்று இலவசக் கருவி இருக்கிறது. அப்டேட்டுக்கு முன் ஒரு பதிவைச் சேமித்து, பின் ஒப்பிட்டால், புதிதாக யார் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நிறம் மாற்றிக் காட்டும்.

இப்போது உங்கள் லேப்டாப்பில் எது செய்தது என்று கண்டுபிடிக்கும் வழி. ஸ்டார்ட் மெனுவில் "ரிலையபிலிட்டி" என்று தட்டினால் "வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரி" வரும். நாட்கள் வரிசையாக ஒரு வரைபடம் திறக்கும். அந்த ராத்திரியின் தேதியைச் சொடுக்கினால் எது எத்தனை மணிக்கு இன்ஸ்டால் ஆனது என்று கீழே பட்டியல் வரும். கம்பெனியின் மூன்று அப்டேட்டும் விண்டோஸின் பெரிய அப்டேட்டும் எந்த வரிசையில் ஓடின என்று அதில் தெரியும். விண்டோஸ்.ஓல்ட் ஃபோல்டர் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அன்று வந்தது சாமான் ஏற்றிய ரகம். பழைய பதிப்புக்குத் திரும்ப 10 நாள்தான் கெடு. மூன்று செட்டிங்குக்காகத் திரும்பவேண்டியதில்லை, வேறு ஏதாவது பெரிதாக உடைந்திருந்தால் மட்டும். அந்தப் பட்டியலை அப்படியே எழுதி அனுப்புங்கள், பவர் பிளானை மாற்றியது எது என்று அதை வைத்து இன்னும் கிட்டத்தில் போய்ச் சொல்ல முடியும்.